மலையகத்தில் நோய் வருவதற்கான தகுதிகள்

இலங்கையில் வைத்தியம் இலவசம். இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கட்டிலுக்குக் காசில்லை, டொக்டருக்குக் காசில்லை, ஸ்டொக்கில் இருந்தால் மருந்துக்கும் காசில்லை. அந்தக் கட்டில் வரைக்கும் போய்ச் சேரத்தான் காசு. மஸ்கெலியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கு லயத்திலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் பாதையை இலவசம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லையே. பிறகு எதற்குக் கோபப்படுவது?

ஆகவே, நோய் வர விரும்பும் தோட்டத் தொழிலாளர் சில காரியங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

கொழுந்து கொட்டிக் கிடக்கும் மாதத்தில் விழக்கூடாது. விழுந்தே ஆகவேண்டும் என்றால் லொறி லயத்தடியில் நிற்கும்போது விழவேண்டும். மற்ற நேரத்தில் லொறி கொழுந்தோடு ஃபெக்டரிக்குப் போயிருக்கும். கொழுந்துக்குப் பொறுமை கிடையாது; சாக்குக்குள் நேரங்கடந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துபோகும், தூள் கெட்டுவிடும், தோட்டத் துரைக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வரும். மனுசி கெட்டுப்போனால் யாருக்கும் கடிதம் வராது. லொறி இறக்கிவிட்டுத் திரும்பும்வரை அவள் திண்ணையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் உண்டே என்பீர்கள். உண்டு. 2016இல் இந்தியப் பணத்தில் தொடங்கிய நல்ல சேவை, அதைக் குறைசொன்னால் நாக்கு அழுகும். நல்ல ரோடு முடிகிற இடம்வரை வந்துவிடும். அதற்கு மேலே நாலு பேர் தோள்தான்.

தோட்டத்து டிஸ்பென்சரி இருக்கிறதே? இருக்கிறது. 1912இல் வெள்ளைக்காரன் ஒரு மருத்துவச் சட்டம் போட்டு, கூலியாளின் நோயைத் தோட்டத்தின் தலையில் கட்டினான். இரக்கத்தில் அல்ல, செத்த கை கொழுந்து பறிக்காது என்ற கணக்கில். அவன் போனான், எழுபதுகளில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது, தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் என்ற பேச்சு தொண்ணூறுகளில் தொடங்கி, சில ஆஸ்பத்திரிகள் கைமாறியது போக மிச்சத்துக்கு இன்னும் பேச்சாகவே நல்ல தேகாரோக்கியத்துடன் இருக்கிறது. பல தோட்டங்களில் டொக்டர் என்று நாம் கூப்பிடுகிறவர் டொக்டர் அல்ல, மருத்துவ உதவியாளர். காய்ச்சலுக்கு பனடோல், இடுப்பு வலிக்கு பனடோல், மார்பில் கட்டி என்று வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதற்கும் முதலில் பனடோல்.

தேயிலையின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் அழகே வேறு. ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ போகிற தூளில் களைநாசினி எச்சம் துளி கூடினாலும் ஆபத்து என்று ஆய்வுகூடம் சோதிக்கிறது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.50 ரூபா வாங்கி, அதன் நல்ல பேரை உலகெங்கும் பரப்ப நிதி வைக்கும் ஏற்பாடு 2010இலேயே வந்துவிட்டது. வருடத்துக்கு 100 கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிற பண்டம்; பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும். அந்தக் களைநாசினியை முதுகில் சுமந்து அடித்தவனின் ரத்தத்தில் எவ்வளவு எச்சம் இருக்கிறது என்று கேட்க எந்த நாட்டு வாடிக்கையாளனுக்கும் தோன்றவில்லை. அவனைத்தான் யாரும் ஏற்றுமதி செய்வதில்லையே.

சரி, கண்டிக்கோ மகரகமவுக்கோ அனுப்பிவிட்டார்கள் என்று வைப்போம். நாள் சம்பளம் 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி 1,350 ரூபாவாக இருந்தது. கிளினிக் நாளில் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கும் பேர் இல்லை. ஸ்கேன் மெஷின் பழுது, வெளியே எடுத்து வாருங்கள் என்று துண்டு கிடைக்கும். தோடு அடகுக்கடைக்குப் போகும். அரச ஊழியருக்கு அக்ரஹார என்று ஒரு காப்புறுதி உண்டு. பெயரைக் கேட்டாலே நமக்கானதில்லை என்று விளங்கிவிடும். ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் இதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவி உண்டு. ஆனால் தொழிலாளிக்கான ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். பணத்தையே கட்டாமல் வருடக்கணக்கில் பாக்கி வைத்த பெருமை அரசாங்கத்தின் சொந்தத் தோட்ட நிறுவனங்களுக்கே உண்டு. தொழிற்சங்கச் சந்தா மட்டும் பல வருடமாகச் சம்பளப் பதிவான செக்ரோலில் தவறாமல் வெட்டப்பட்டது. அந்தச் சந்தாவில் வளர்ந்த தலைவர்களுக்கு நோய் வந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மிச்சம் இருப்பது ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. வறியவரின் பெரிய நோய்க்கு நாட்டின் தலைவரே கைகொடுக்கும் இடம். அந்தக் கையைப் பிடிக்க கிராம சேவகரின் கடிதம், வருமானச் சான்று, வைத்தியரின் கையொப்பம், செலவு மதிப்பீடு எல்லாம் வேண்டும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததால் பதில் கடிதம் தோட்ட ஒஃபீசுக்கு வரும். வந்த கடிதம் சிங்களத்தில் இருந்தால் வாசிக்க ஆள் பிடிக்கவேண்டும். பல வருடமாக இதற்கெல்லாம் கொழும்புக்கே ஓடவேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியில்தான் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நல்லதுதான். அம்பகமுவ பிரதேச செயலகத்தை நம்பி எத்தனை சனம் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டு வரிசையில் நிற்கவேண்டும்.

அந்த நிதியத்தின் கதவு உண்மையில் எவ்வளவு அகலம் என்பது 2024 டிசம்பரில்தான் தெரிந்தது. 2005 முதல் அதிலிருந்து வைத்தியச் செலவு வாங்கிய அரசியல்வாதிகளின் பட்டியலை அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ பாராளுமன்றத்தில் வாசித்தார். அமைச்சர்கள், எம்.பி.க்கள், ஒரு முன்னாள் பிரதமர். சிலருக்கு லட்சங்களில், சிலருக்குக் கோடிகளில். கட்சிப் பேதமே இல்லை. தேசிய ஒற்றுமையை எங்கேயோ தேடுகிறோம், அது அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. அதில் பெயருள்ள ஒருவர் கெஹெலிய ரம்புக்வெல்ல. நாட்டுக்கே மருந்து வாங்கும் சுகாதார அமைச்சராக இருந்தவர். தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்முதல் விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். பாவம், இவர்களெல்லாம் எவ்வளவு வறுமையில் இருந்திருப்பார்கள்! எந்தக் கிராம சேவகர் எந்த வாசற்படியில் நின்று அந்த வருமானச் சான்றை எழுதினாரோ?

அதே காலத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தியச் சான்றைப் போட்டு, நோயாளியின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிக் காசு கேட்டார்கள். பத்து ரூபா போடுமுன் ஆளை ஏற இறங்கப் பார்த்து, சீல் உண்மையானதா என்று நாம் விசாரித்தோம். கோடியில் வாங்கியவர்களின் சீலை ஒருவரும் உரசிப் பார்க்கவில்லை. லயத்திலே மரண சங்கம் உண்டு. செத்த வீட்டுக்குப் பந்தலும் சாமானும் பணமும் தவறாமல் வரும், மாதாமாதம் கட்டுகிறார்களே. சாகாமல் படுத்திருப்பவருக்கு மட்டும் சங்கம் எதுவும் கிடையாது.

எனக்கு ஒரு சின்ன விண்ணப்பம். பட்டியலில் இருக்கும் கனவான்களுக்கு மறுபடி நெஞ்சு வலித்தால், தயவுசெய்து அம்பகமுவவுக்கு வரட்டும். கிராம சேவகரிடம் கடிதம் எடுக்கட்டும். அவர் களப்பணிக்குப் போயிருந்தால் மறுநாள் வரட்டும். ஃபோட்டோகொப்பிக் கடையில் கரண்ட் இல்லாவிட்டால் காத்திருக்கட்டும். ஃபோர்மை நீட்டும்போது, ஒரு கையொப்பம் குறையுது, ஐயா மீட்டிங்கில இருக்கார், புதன்கிழமை வாங்க என்று யாராவது அவர்களுக்கும் சொல்லட்டும்.