காலிப் பாயின்ட் கோட்பாடு: ஓர் ஆய்வு

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு பாயின்ட் காலியாக இருந்தால் அதில் எதையும் செருகலாம் என்பது நம் இல்லங்களில் எவரும் எழுதிவைக்காமலே வழங்கிவரும் கோட்பாடு. இதன் ஆதரவாளர்களுக்கு அந்தப் பாக்ஸ் ஒரு கல்யாணப் பந்தி. இலை காலியாக இருந்தால் யாரும் உட்காரலாம், செல்போன் சார்ஜரானாலும் சரி, கெட்டிலானாலும் சரி. ஆனால் பாக்ஸைக் கவிழ்த்துப் பார்த்தால், பெரும்பாலும் தூசுக்கு அடியில், 6 ஆம்பியர் என்று பொடியாக அச்சிட்டிருக்கும். அது ஒவ்வொரு பாயின்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்த அளவு அல்ல. மொத்தப் பாக்ஸுக்கும் அவ்வளவுதான். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,380 வாட். தலா 20 வாட் சார்ஜர்கள் ஆறைச் செருகினாலும் 120 வாட்தான், பாக்ஸ் அசராது. 1,500 வாட் கெட்டிலோ தனியொருவனாக வந்தே வரம்பைத் தாண்டிவிடும். கூடவே 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 11 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் கூடும் என்று ஜூல் 1841-இலேயே சொல்லிவிட்டார். அவர் விதிப்படி இந்த ஜோடி, ஒயரை அனுமதித்த அளவைவிட மூன்று மடங்குக்கும் மேல் சூடாக்கும். ஆக, எத்தனை பாயின்ட் நிரம்பியிருக்கிறது என்பது கேள்வியே இல்லை. எத்தனை வாட் என்பதே கேள்வி.

"எம்சிபி இருக்கிறதே, விழுந்துவிடாதா?" என்பது கற்றோர் எழுப்பும் மறுப்பு. விழாது. 16 ஆம்பியர் எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. அதன் பார்வையில் 11 ஆம்பியர் நல்ல பிள்ளை. பாக்ஸின் மெல்லிய ஒயர் இளகுவது அதற்குத் தெரியாது. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைக் கோப்பவர்கள் பாயின்டைக் கூட்டுகிறார்களே தவிர ஆம்பியரைக் கூட்டுவதில்லை. எல்லாச் சுமையும் முதல் பாக்ஸின் ஒயர் தலையில்தான். 16 ஆம்பியர் பிளக்கின் தடித்த பின்கள் 6 ஆம்பியர் பாயின்டில் நுழையாதபடி செய்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தோற்கடிக்கவே கன்வர்ஷன் பிளக் வாங்குகிறோம்.

"பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது" என்பது அனுபவவாதிகளின் வாதம், இதுதான் வலுவானது. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் உள்ளே நடந்ததைப் பார்க்க வேண்டும். சூடாகிச் சூடாகிப் பித்தளைத் தகடு இறுக்கம் இழக்கிறது, பிளக் தொளதொளக்கிறது, தளர்ந்த இடத்தில் மின்தடை ஏறி மேலும் சுடுகிறது, துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறுகிறது. இந்தக் கட்டத்தில் பாக்ஸை மாற்றுவதே முறை. வீட்டு மரபோ பிளக்கை ஓர் ஆட்டு ஆட்டி, அடியில் மடித்த காகிதத்தை முட்டுக்கொடுக்கிறது. சுடும் இடத்துக்கு விறகு!

ஸ்பைக் பஸ்டர் வாங்கியவர்களின் நிம்மதியும் தனி வகை. அது நொடிப்பொழுது எகிறும் வோல்ட்டேஜை விழுங்கும். தனியாக ஓவர்லோடு கட்-ஆஃப் இல்லாவிட்டால் கெட்டிலைத் தடுக்காது. சூடாக்கும் சாதனம் எதுவானாலும் அதற்குரிய சுவர்ப் பாயின்டில் நேரே செருகுவதே வழி. அந்தப் பாயின்ட் ஏன் எப்போதும் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது என்பது கட்டடக்கலை அறிஞர்கள் விளக்க வேண்டியது. இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.