கொடிக்கும் ஒரு பத்தியம்

காந்தலூர் மலையில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்றால் முதலில் உரிபடுவது பூண்டு. புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. அந்த மரியாதை அதற்குத் தகும். பிள்ளையின் தொப்புள்கொடிக்கும் மரியாதை உண்டு: அதில் காய்ந்து விழும் துண்டைப் பாட்டி தாயத்தில் அடைத்துப் பேரன் அரையில் கட்டிவிடுவாள். மிச்சம் குழிக்குள். ஆஸ்பத்திரிப் பிரசவம் வந்தபின் குப்பைக் கூடைக்குள்.

அந்தக் கூடைக்குள் கையை நுழைத்தவர்கள் விஞ்ஞானிகள். ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காய் ஒட்டியிருக்கும் எண்டோதீலியம் செல்களை அதுவரை பெரிய மனிதர்கள் மதிக்கவில்லை; சுவரில் ஒட்டிய காகிதம் என்றே நினைப்பு. மதித்த சிலருக்கோ செல் கிடைக்கவில்லை. உயிரோடு இருப்பவரிடம் போய், "உங்கள் மகாதமனியில் ஒரு சாண் கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? 1963இல் மருயாமா என்ற ஆய்வாளர் கொடிக்குள் டிரிப்சின் என்ற நொதியை விட்டுப் பார்த்தார். செல் வந்தது, அது எண்டோதீலியம்தானா என்ற வழக்கு தீரவில்லை.

1973இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் எரிக் ஜாஃபியும் கூட்டாளிகளும் கொலாஜினேஸ் விட்டார்கள். சதையைக் கரைக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் சரக்கு அது. கொடியின் சிரையில் நிரப்பி, இரு முனையையும் இறுக்கி, 37 டிகிரியில் கால் மணி நேரம். அலசினால் செல்கள் தட்டில்.

அப்புறம் ஜாதகம் பார்த்தார்கள். எண்டோதீலியத்துக்கே உரிய வெய்பல்–பலாடே நுண்ணுறுப்பு உண்டா? உண்டு. ரத்தம் உறைவதற்கான எட்டாம் காரணியோடு தொடர்புள்ள ஆன்டிஜென்? உண்டு. ரத்த வகை கொடிக்குரிய குழந்தையுடையதுதானா? அதுவும் சரி. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை.

ஆனாலும் சில தலைமுறையில் செல்கள் சோர்ந்துவிடும். 1979இல் தாமஸ் மசியாக் குழுவினர் அதற்குப் பத்தியம் கண்டுபிடித்தார்கள்: மாட்டு மூளையின் ஹைபோதாலமஸிலிருந்து எடுத்த சாறு. ஏற்கெனவே கன்றின் சீரம் வேறு. கொடி எந்தச் சுத்த சைவக் குடும்பத்திலிருந்து வந்தாலும் தட்டில் ஏறினால் இதுதான் சாப்பாடு. இதற்காக எந்தப் பஞ்சாயத்தும் கூடவில்லை.

1980இல் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் மகாதமனியில் இந்த எண்டோதீலியம் அடுக்கைத் தேய்த்தெடுத்தால் அசிட்டைல்கோலினுக்குக் குழாய் தளர மறுப்பதைக் காட்டினார், 1998இல் நோபல். காகிதத்துக்கு வந்த மவுசு!

கொடிச் செல் வளர்ப்பு நம் பக்கத்திலும் நடந்தது. திருவனந்தபுரம் பூஜப்புரயில் சேது லட்சுமி பாய் மகாராணி குடியிருந்த சாட்டெல்மண்ட் அரண்மனை இப்போது ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. அந்த நிறுவனத்தார் ஃபைப்ரின் பூச்சின் மேல் கொடிச் செல்களை வளர்த்தார்கள். செயற்கைக் குழாயின் உட்புறம் இவற்றைப் படரவிட்டால் ரத்தம் உறையாது என்று கணக்கு.

செல்களுக்குச் சீக்கிரம் மூப்பு வருவதால் புதுக் கொடிக்குத் தேவை ஓயவில்லை. பிரசவ அறை வாசலில் காத்திருப்பவர்களில் ஆராய்ச்சி மாணவர் மட்டும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. கிளிப் நசுக்காமல் ஒரு சாண் தேறுமா, தாய் கையெழுத்துப் போட்டாயிற்றா என்பதுதான் அவர் கவலை.