செத்தவன் எப்படிடா திரும்ப வர்றான்?

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ் கித்துல்கலையைத் தாண்டும்போது, பக்கத்து சீட்டில் புதிய ஆள் யாராவது அகப்பட்டால் ஆற்றுப் பக்கம் கையை நீட்டிவிடுவேன். டேவிட் லீன் ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்துக்காக இங்கேதான் பெரிய மரப்பாலம் ஒன்றைக் கட்டினார். அதன்மேல் ரயிலை ஓடவிட்டு, இரண்டையும் சேர்த்து வெடிவைத்தார். 1957இல் படம் வெளிவந்தது, ஏழு ஆஸ்கார் வாங்கியது. ஒரு கதை முடிந்துவிட்டது என்பதற்கு இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பாலமே இல்லை! இருந்தும் 1989இல் ‘ரிட்டர்ன் ஃப்ரம் த ரிவர் க்வாய்’ என்று ஒன்று வந்து, அந்தப் பெயரை வைத்ததற்காகக் கோர்ட்டு வரை போனது.

ஸ்பீல்பெர்க்கும் சும்மா போகவில்லை. கண்டிப் பக்கம் வந்து தொங்குபாலம் ஒன்றைக் கட்டி, அதை நடுவில் அறுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். 1984இல் வந்த அந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ படம் வரிசையில் இரண்டாவது. கதைப்படி முதல் படத்துக்கு முந்தியது. இரண்டாவதாகப் பிறந்தவன் எப்படி அண்ணன் ஆனான் என்று கேட்கக் கூடாது. எங்கள் நாட்டுக்கு வரும் வெளிநாட்டு டைரக்டர்களுக்குப் பாலத்தை உடைக்காமல் தூக்கம் வராது போலிருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பாலத்துக்கு மட்டும் டைரக்டர் தேவையில்லை, ஆனி மழை போதும்.

இரண்டாம் பாகம் என்ற சங்கதியை எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் முதன்முதலில் விசாரணைக்கு எடுத்தவர் என் அப்பாயி. அப்போதெல்லாம் தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, டவுனிலிருந்து டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடியவிடியப் படம் போடுவார்கள். வாடகை ஒரு ராத்திரிக்கு என்பதால் தூங்குவது நஷ்டம். கெசட் கடையில் எது இருக்கிறதோ அதுதான் வரும், வரிசையெல்லாம் பார்க்க முடியாது. அப்படித்தான் ‘கல்யாணராமன்’ பார்க்காத எங்களுக்கு ‘ஜப்பானில் கல்யாணராமன்’ முதலில் வந்து சேர்ந்தது.

முதல் படம் 1979இல் ஜி.என். ரங்கராஜன் எடுத்தது. எஸ்டேட்டில் வளரும் தெத்துப்பல் அப்பாவி கல்யாணம் கொல்லப்படுகிறான். அவனுடைய ஆவி, பட்டணத்தில் இருக்கும் இரட்டைச் சகோதரன் ராமனுடைய உடம்பில் வந்து புகுந்து பழிதீர்க்கிறது. 1985இல் எஸ்.பி. முத்துராமன் அதே ஆவியை ஜப்பான் வரைக்கும் கூட்டிப்போனார். தமிழில் இரண்டாம் பாகங்களுக்கு முன்னோடி என்று இந்த ஜோடியைத்தான் சொல்வார்கள். கொலை நடந்த இடம் தேயிலை எஸ்டேட் என்பதில் எங்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. கொல்லப்பட்டது முதலாளி மகன் என்பதால் அந்தச் சொந்தம் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.

அப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “அவென்தான் போன படத்துலயே செத்துட்டானாமே. செத்தவன் எப்படிடா திரும்ப வர்றான்?”

“ஆவியா வர்றான் அப்பாயி.”

“ஆவிக்கு செக்ரோல்ல பேரு போடுவாய்ங்களா?”

யாரிடமும் பதில் இல்லை. வாழ்நாள் முழுக்க செக்ரோல் என்ற வருகைப் பதிவில் அரை நாள் பேர் விழுந்ததற்குக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கட்டியவருக்கு, செத்த பிறகும் முழுப் பேர் போடும் சினிமாக் கம்பெனி அதிசயமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குத் தமிழ் சினிமா இதுவரைக்கும் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டது. பில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி ‘டான்’ படத்தைத் தழுவி 1980இல் ரஜினி நடித்தது. கடத்தல்காரன் பில்லா செத்துப்போகிறான், அவனைப் போலவே இருக்கும் அப்பாவி அவன் இடத்துக்குப் போகிறான். 2007இல் அஜித் அதையே கோட்டு சூட்டோடு மறுபடி செய்தார். படம் ஓடிவிட்டது. இனி இரண்டாம் பாகம் வேண்டும், ஆனால் ஆள் செத்தாயிற்று. முன்னால் போக வழியில்லாவிட்டால் பின்னால் போ என்று 2012இல் ‘பில்லா 2’ வந்தது. பில்லா எங்கிருந்து வந்தான்? இலங்கையிலிருந்து அகதியாக வந்தானாம்! முப்பத்திரண்டு வருடம் ஊர் பேர் தெரியாமல் திரிந்தவன் ஒரே வெள்ளிக்கிழமையில் இலங்கைத் தமிழனாகிவிட்டான். மலையகத்தில் எங்கள் ஆட்களின் பிரஜாவுரிமையை 1948இல் பறித்தார்கள். மிச்சசொச்சம் இருந்தவர்களுக்கும் தீர்வாக ஒரு சட்டம் வர 2003 ஆனது. ஐம்பத்தைந்து வருடம் பாராளுமன்றம், ஒப்பந்தம், ஃபோர்ம் நிரப்புதல் என்று அலைந்தோம். ஒரு ப்ரீக்வெல் எடுத்திருந்தால் போதும் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

‘சந்திரமுகி’ விஷயம் இன்னும் வேடிக்கை. 1993இல் மலையாளத்தில் ‘மணிச்சித்ரத்தாழ்’, பிறகு கன்னடம், 2005இல் தமிழ் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்த கதை அது. அந்தக் கதையின் அழகே அதில் பேய் இல்லை என்பதுதான். மனநோய் என்று டாக்டர் கண்டுபிடித்துக் குணப்படுத்துகிறார். 2023இல் ‘சந்திரமுகி 2’ வந்தது, நிஜப் பேயோடு. டாக்டர் இவ்வளவு பாடுபட்டு நிரூபித்ததை இரண்டாம் பாகம் ஒரே காட்சியில் தள்ளுபடி செய்துவிட்டது. முதல் பாகம் பார்த்துவிட்டு மந்திரவாதியை விட்டு டிஸ்பென்சரிக்குப் போக ஆரம்பித்தவர் யாராவது இருந்தால் அவருடைய கதி என்ன?

‘காஞ்சனா’ வரிசையைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். ராத்திரியில் கக்கூசுக்குப் போகப் பயந்து அம்மாவைத் துணைக்கு எழுப்பும் வளர்ந்த ஆண்பிள்ளையைப் பார்த்து ஊரெல்லாம் சிரித்தது. லயத்துக்கு வெளியே, மேட்டுக்கு அந்தப்பக்கம், லைட் இல்லாத கக்கூசுக்குப் போய்வந்த எங்களுக்கு அது ஆவணப்படம்.

சேனாபதி தாத்தாவுக்கு வருவோம். 1996இல் ‘இந்தியன்’ முடியும்போது அவர் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணி, தேவைப்பட்டால் வருவேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். எவ்வளவு நல்ல முடிவு! அவர் வரவே வேண்டாம், வருவார் என்ற பயம் ஒன்றே லஞ்சம் வாங்குகிறவனுக்குப் போதும். 2024 ஜூலையில் வந்தே விட்டார். 1996இலேயே தாத்தாவாக இருந்தவருக்கு இப்போது நூறு தாண்டிவிட்டது, அடி மட்டும் குறையவில்லை. படம் முடிந்ததும் மூன்றாம் பாகத்துக்கான முன்னோட்டம் ஒன்றை ஓட்டினார்கள். என்னோடு பார்த்த பையன் சொன்னான்: “சேர், படம் இப்பத்தான் நல்லா இருக்கு.” அதற்குள் தியேட்டரில் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையகத்தான் கட்டுரை எழுதினால் கொழுந்து, கவ்வாத்து, சாயம் என்று ஓர் உவமை வரும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் காத்திருப்பார்கள். தரப்போவதில்லை. எங்களிடம் அதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது.

மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். மூன்றாம் பிறை பார்த்துக் காமன் ஊன்றுவார்கள். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன பையன்கள் முதலாளியிடம் பாட்டியைச் சாகடித்து லீவு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். (அந்தப் பாட்டிகளும் வருடா வருடம் சாவார்கள்.) தப்புச் சத்தத்தோடு ரதியும் மன்மதனும் வீடுவீடாக வருவார்கள். கதை உலகத்துக்கே தெரியும். சிவன் தவத்தில் இருக்கிறார், மன்மதன் அம்பு விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பல். ரதி அழுவாள். நேற்றுவரை கள்ளுக்கடைப் பக்கம் நின்ற ஆண்பிள்ளைதான் அந்த ரதி என்று தெரிந்தும் லயமே அழும். மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். அடுத்த மாசியில் மறுபடியும் எரிப்பார்கள்.

இதே கதையை, இதே பாட்டோடு, இதே இடத்தில், என் அப்பாயியின் அப்பாயி காலத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். “போன வருசம் எரிச்ச ஆளைத் திரும்ப ஏன் எரிக்கிறீங்க?” என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கல்யாணத்தின் ஆவியைக் குறுக்கு விசாரணை செய்த அதே அப்பாயி, மன்மதன் எழும்போது கும்பிட்டுக்கொண்டு நின்றார். நான் அன்றைக்கே கேட்டிருக்கிறேன்: “இவரும் செத்தவர்தானே அப்பாயி?” “இவரை நாமதானடா எழுப்புறோம்” என்றார்.

காமன் பண்டிகையோடு சேர்ந்த லாவணியில் இரண்டு கட்சி உண்டு. எரிந்த கட்சி, எரியாத கட்சி. காமன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி பாடும், எரியவே இல்லை என்று எதிர்க்கட்சி பாடும், விடியும்வரை விடமாட்டார்கள். 2015இல் கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான் என்று உலகத் தமிழர் எல்லாம் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் லாவணிக்காரர்களிடம் விட்டிருந்தால் ‘கொன்ற கட்சி, கொல்லாத கட்சி’ என்று ஒரே இரவில் தீர்த்திருப்பார்கள், டிக்கட்டும் இல்லாமல்.

ஆக, திரும்பச் சொல்வதில் எங்களுக்கு வருத்தம் கிடையாது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாக நாவல், ஒரே படத்தில் அடைத்தால் வந்தியத்தேவன் குதிரையைவிட்டு இறங்கவே நேரம் இருக்காது. 2022இல் ஒன்று, 2023இல் ஒன்று என்று எடுத்ததில் நியாயம் இருக்கிறது. எங்களை எரிச்சலூட்டுவது வேறொன்று. கேட்க ஆளில்லாத கதையை, முதல் தரம் காசு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக எழுப்பி உட்காரவைப்பது. மலையகத்தில் அதை சினிமாவைவிட அரசியல் நன்றாகச் செய்கிறது. சௌமியமூர்த்தி தொண்டமான், பேரன் ஆறுமுகன், அவருடைய மகன் ஜீவன் என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மூன்று பாகம் கண்ட கட்சி. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளக் கதை அதைவிட நீளம். ஆயிரம் ரூபா என்று பெயர் வைத்துத் தொடங்கிய படத்தில் 2016இல் 730 வந்தது, 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது, ஒருவழியாக 2021இல்தான் படத்தின் பெயரைத் திரையில் காட்டினார்கள். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதியே வந்து அடுத்த படத்தை அறிவித்தார். முன்னோட்டத்தில் 1700. செப்டம்பரில் படம் வந்தபோது 1350.

உண்மையிலேயே இரண்டாம் பாகம் தேவைப்படும் படங்கள் உண்டு, அவற்றை எடுக்கத்தான் ஆளில்லை. இலங்கையின் முதல் 35 மில்லிமீட்டர் தமிழ்ப் படம் எது தெரியுமா? 1963இல் பி.எஸ். கிருஷ்ணகுமார் எடுத்த ‘தோட்டக்காரி’. பேரிலேயே எங்கள் ஆள். 1975இல் தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்து ‘புதிய காற்று’ வந்தது, அதுவும் தோட்டத் தொழிலாளர் கதை. அதற்கு இரண்டாம் பாகம் வரவில்லை. அவருக்கு வந்தது, மகன் மனோ கணேசன் பாராளுமன்றத்துக்குப் போனார். 1983 கலவரத்தில் எத்தனையோ இலங்கைத் தமிழ்ப் படங்களின் பிரதிகள் எரிந்தன. அவற்றை மூன்றாம் நாள் எழுப்ப யாரும் வரவில்லை.

பாலாவின் ‘பரதேசி’ இந்தியத் தேயிலைத் தோட்டக் கதைதான், ஆனால் 2013இல் அதை ஹட்டனில் பார்த்தவர்கள் சொந்தக் குடும்பக் கதையைப் பார்த்ததுபோல எழுந்து போனார்கள். தப்பி ஓடப் பார்த்து நரம்பு அறுக்கப்பட்டவன் மலைமேல் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய பெண்சாதி குழந்தையோடு அதே தோட்டத்துக்குப் புது ஆளாக வந்து சேர்கிறாள். அவன் கதறுகிறான், படம் முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுகிறதா? அந்தக் குழந்தை வளர்ந்து கூடை தூக்கியதா, பள்ளிக்கூடம் போனதா, அதன் பேரப்பிள்ளை கொழும்பில் எந்தக் கடையில் நிற்கிறது? இதுவல்லவா ‘தொடரும்’ போடவேண்டிய இடம்?

இந்த ஆதங்கத்தில் நான் ‘தோட்டக்காரி 2’ என்று ஒரு கதை எழுதிக்கொண்டு கொழும்பில் ஒரு தயாரிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனுசன், பிளேன்டீ கொடுத்தார். 1963இல் கொழுந்தெடுத்தவளுடைய பேத்தி இன்றைக்கு டீச்சராக அதே தோட்டத்துக்குத் திரும்பி வருகிறாள் என்று தொடங்கி ஒரு மணிநேரம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கதை நல்லாருக்கு மாஸ்டர். பேய் இருக்கா?”

“இல்லீங்க.”

“எஸ்டேட்டுன்னா பங்களா இருக்கும். பங்களான்னா பேய் இருக்கும்.”

எங்கள் பெரிய துரை பங்களாவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் ராத்திரியில் நடப்பதாக வாட்ச்சர் சொல்வதுண்டு. அதை வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவரை முதல் பாகத்துல காட்ட வேணாம்.”