மாமனார் டைரியும் மேகப் பெட்டகமும்

பாஸ்வேர்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள். மாமனார், டைரிக் கட்சி. என் மனைவி, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே மெசேஜ் அனுப்பி வைத்துக்கொள்ளும் கட்சி. கல்லூரியில் படிக்கும் மகன், எல்லாவற்றையும் மேகத்தில் (அதாவது கிளவுடில்) பூட்டி வைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜர் கட்சி. நான் சுயேச்சை. யார் கேட்டாலும் வெளியிலிருந்து ஆதரவு தருவேன்.

மாமனாரின் டைரி ஏதோ ஒரு சிமெண்ட் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்தது. அதில் எதையும் நேரடியாக எழுதமாட்டார். ‘பேங்க்: பெரியவள் பெயர், பழைய ஸ்கூட்டர் நம்பர்’ என்று சங்கேதமாக இருக்கும். எதிரி கையில் சிக்கினாலும் புரியாது என்பது அவர் கணக்கு. சில பக்கங்கள் அவருக்கே புரிவதில்லை என்பது கொசுறு.

“ரஷ்யாவுல இருந்து எவன் மாப்ளே நம்ம பீரோவைத் திறக்க வரப்போறான்?” என்பார்.

சிரிக்க முடியாது. புரூஸ் ஷ்னையர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு வல்லுநர் 2005இல் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: நல்ல பாஸ்வேர்டாக வையுங்கள், நினைவில் நிற்காவிட்டால் காகிதத்தில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மனிதர்தான் 1990களிலேயே ‘பாஸ்வேர்ட் சேஃப்’ என்ற மென்பொருளையும் உருவாக்கியவர். இரண்டு கட்சியிலும் அவருக்கு உறுப்பினர் அட்டை உண்டு.

மனைவியின் கட்சிதான் நாட்டில் பெரும்பான்மை. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், நெட் பேங்கிங் ரகசியம் எல்லாம் அந்த ஒரே சாட்டில், நடுவில் மளிகைச் சாமான் பட்டியலோடு கிடக்கும். “மேகமாவது கீகமாவது, முன்பின் தெரியாத கம்பெனியிடம் எப்படிக் கொடுப்பது?” என்று கேட்பதும் இவர்கள்தான். ஜெராக்ஸ் கடைக்குப் போனால் ஆதாரை அந்தக் கடைக்காரர் மெயிலுக்குத் தயங்காமல் அனுப்புவோம். அவருடைய கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் வட்டாரமே குடியிருக்கிறது.

பாஸ்வேர்டு நமக்கு இவ்வளவு பெரிய தொல்லையானதற்கு பில் பர் என்பவருக்கும் பங்குண்டு. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டுக்காக 2003இல் அவர் எழுதிய வழிகாட்டியிலிருந்துதான் ‘பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், விசேஷக் குறி வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும்’ என்ற கட்டளைகள் உலகமெங்கும் பரவின. 2017இல் அவரே அதற்காக வருந்துவதாகச் சொன்னார். அந்த ஆண்டே நிஸ்டும் ‘காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள்’ என்று விதியைத் திருத்திவிட்டது. சேதி நம் அலுவலகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. என் சக ஊழியர் ஒருவர் முருகன்@1 என்று தொடங்கி, ஆறுபடை வீட்டையும் தாண்டி, இப்போது முருகன்@14இல் இருக்கிறார்.

மகன் தன் கட்சியின் கொள்கையை விளக்கினான். “அப்பா, எல்லா பாஸ்வேர்டும் நம்ம போன்லயே பூட்டப்பட்டு, அப்புறம்தான் மேகத்துக்குப் போகும். கம்பெனிகிட்ட பெட்டிதான் இருக்கும். சாவி நம்ம மனசுல இருக்கிற ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு.”

“2022இல் லாஸ்ட்பாஸ்?” என்றேன். சுயேச்சைக்கும் பொது அறிவு உண்டு.

பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனமான லாஸ்ட்பாஸின் பொறியாளர் ஒருவரது வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் பார்ப்பதற்கான ஒரு மென்பொருள் இருந்தது. அதிலிருந்த பழைய ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்து, கடைசியில் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே அள்ளிக்கொண்டு போனார்கள். கோயில் உண்டியலை அங்கேயே உடைத்தால் ஊர் கூடிவிடும். அதனால் திருடன் உண்டியலோடு கருவேலங்காட்டுக்குப் போய், ஆற அமர உடைப்பான். இதுவும் அப்படித்தான். பல இணையதளங்களில் சில முறை தப்பாக அடித்தாலே கணக்கு முடங்கும். தூக்கிக்கொண்டு போன பெட்டகத்தில் எத்தனை கோடி முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். போதாக்குறைக்கு, எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் பெட்டகம் எளிதில் உடைகிற சாதியில்லை. செல்ல நாயின் பெயரை வைத்திருந்தவர்கள்தான் அலற வேண்டியதாயிற்று.

மேகமே வேண்டாம் என்பவர்களுக்கு 2003 முதல் கீபாஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம், பெட்டகம் நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலாகக் கிடக்கும். ஆனால் ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டால் புகார் செய்ய வேண்டிய அதிகாரியும் நாமே, பதில் சொல்ல வேண்டிய அதிகாரியும் நாமே.

இத்தனை வாதமும் நடந்துகொண்டிருந்தபோது உண்மையான திருடன் மாமனாரின் போனில் வந்தான். “சார், கே.ஒய்.சி. அப்டேட் பண்ணலைன்னா இன்னிக்கு ராத்திரி உங்க அக்கவுண்ட் பிளாக் ஆயிடும். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு சொல்லுங்க.” மாமனார் பதறி டைரியைத் திறந்தார். பழைய ஸ்கூட்டர் என்பது லாம்பிரெட்டாவா, பஜாஜா? லாம்பிரெட்டா என்றார் அவர். “அதை வித்த பிறகுதானே பேங்க்ல கணக்கே ஆரம்பிச்சீங்க?” என்றார் மாமியார். விவாதம் வளர்ந்தது. அடுத்த முனையில் இருந்தவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு போனை வைத்துவிட்டான். உலகில் எந்த மென்பொருளிலும் இப்படியொரு பாதுகாப்பு வசதி கிடையாது.

அன்றோடு நான் மகன் கட்சியில் சேர்ந்தேன். நம்மிடம் திருடுகிறவர்களில் பெரும்பாலோர் பூட்டை உடைப்பதில்லை. கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், அல்லது போலித் தளத்தைக் காட்டி நம்மையே அடிக்க வைக்கிறார்கள். பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் தளத்தில் நாம் ஏமாறுவோம். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் பாஸ்வேர்ட் மேனேஜர் தானாக நிரப்பாது. ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு என்பதால் ஒன்று போனாலும் மற்றவை தப்பிக்கும். வாட்ஸ்அப் சாட்டுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை.

எனவே தீர்ப்பு இது: கம்பெனியை நம்ப வேண்டாம், பூட்டை நம்பலாம். மாஸ்டர் பாஸ்வேர்டாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வையுங்கள். சினிமாப் பாட்டின் பல்லவி வேண்டாம், ஊருக்கே தெரியும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஏடிஎம், யுபிஐ பின்கள் மனதிலேயே இருக்கட்டும். மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் காகிதத்தில், சங்கேதமும் ஸ்கூட்டரும் இல்லாமல், தெளிவாக எழுதி வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள். அப்படியும் பணம் பறிபோனால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அழையுங்கள். போனில் கேட்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.