ஈயம் போன சருவம்

கேள்வி: பாட்டி காலத்துப் பித்தளைச் சருவத்தின் உட்புறத்தில் ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. அதில் ரசம் வைக்கலாமா? (ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: கூடவே கூடாது, அம்மா. உங்கள் ஊர் ஆறான தாமிரபரணி தன் பெயரில் தாமிரத்தைத் தாங்கலாம், ரசம் தாங்கலாகாது. பித்தளையிலுள்ள செம்பு புளியின் அமிலத்தில் கரைந்து, பச்சைக் களிம்பாகி, குமட்டலையும் வாந்தியையும் விளைவிக்கும். ஆகவே ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடியுங்கள். புளியும் மணலும் இட்டுத் துலக்கிய பாத்திரத்தை அவர் துருத்தியூதிக் கனன்ற கரியின்மேல் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவ, வெண்புகை எழுந்து உலோகத்தின் அழுக்கு நீங்கிய அந்த க்ஷணத்திலேயே, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புகையில், மஞ்சள் மறைந்து சருவத்தின் வயிறு நிலவாய் ஒளிரும். பார்க்கக் கண் கோடி வேண்டும்!

ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: பூசுவது சுத்தமான வெள்ளீயமா என்று. காரீயம் கலந்தால் அது சாக்ஷாத் விஷம்.

பூசிய பின்னர்க் கம்பி நாரால் சுரண்டாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுமாதலால், வெறும் சருவத்தை ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீரை ஊற்றிய பிறகே தீயை மூட்டுங்கள்.