விசாரிக்க வந்த சித்தப்பா

உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அதிலும் ஞானப்பல் எடுத்தவன் என்று கேள்விப்பட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மற்ற நோயாளிகள் நடுநடுவே பதில் சொல்லித் தொலைப்பார்கள். இவனால் அது முடியாது. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரியப்பா, மாமா என்று முறைதான் மாறும்.

போன மாதம் என் தம்பி மாட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவன் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் வந்துவிட்டார். தம்பி வாயில் பஞ்சு. முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளிக்கென்று வாங்கி வந்த மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைத் தாமே பிரித்தார்.

“ஏல, வலிக்கா?”

“ம்ம்.”

“வலிக்கத்தான் செய்யும்.” கடக். “எவ்வளவு வாங்குனான்?”

தம்பி ஐந்து விரலைக் காட்டினான். பஞ்சை எடுக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று அர்த்தம்.

“அஞ்சாயிரமா! ஏமாந்துட்டியேல! ஒத்தப் பல்லுக்கா?”

தம்பி பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினான். பத்து விரல். சித்தப்பா முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். அவர் முறுக்கைக் கீழே வைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் பரிசோதனை. செல்போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, “வாயத் தொற, பாப்போம்” என்றார். இவன் தலையை ஆட்டினான். சரி, உன்னால் முடியாவிட்டால் என்ன என்று தம் வாயைத் திறந்து, டார்ச்சை உள்ளே திருப்பி, அடைத்த பல், ஆடுகிற பல், காலியான இடம் என்று வரிசையாக விரலால் தொட்டுக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு. ஈறுக்கடியில் படுத்துக்கிடந்த தம்பியின் பல்லை எலும்பைக் குடைந்து, துண்டு துண்டாக அறுத்து எடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்ல ஆளில்லாததால், கதவில் நூல் கட்டித் தம் பாட்டனார் பல் பிடுங்கிய கதை முழுதாக ஓடியது.

அடுத்தது வைத்தியம். டாக்டர் கொடுத்த சீட்டில் முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சுகுழல் போட்டு எதையும் குடிக்கக் கூடாது என்று இருந்தது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து எலும்புக்கு மூடியாக உட்கார்ந்துகொள்ளும். கொப்பளித்தாலோ உறிஞ்சினாலோ அது பெயர்ந்துபோகலாம். பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் காதுவரை குத்தும் வலி. டிரை சாக்கெட் என்று அதற்குப் பெயர். சித்தப்பா அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, முறுக்கு எண்ணெய் போக விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வெந்நியில உப்பப் போட்டு நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு. கன்னத்துக்குச் சூடா ஒத்தடம் குடு. இந்தா, எளநி.” இளநீரில் குழாய் சொருகித் தயாராக இருந்தது. ஐஸ் ஒத்தடத்துக்காக அம்மா துணியில் சுற்றி வைத்திருந்த பனிக்கட்டியைப் பார்த்ததும், சளி பிடிக்கும் என்று தொட்டியில் போட்டுவிட்டார்.

அவர் வைத்தியம் தப்பு என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் ஒருநாள் முந்திவிடுகிறது, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரை மறுநாள் டாக்டரே கொடுக்கச் சொல்லியிருந்தார், துப்பாமல் தானாக வழியவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்து எடுத்த கிராம்பிலும் சித்தப்பாவுக்குப் பாதி மார்க் போடலாம். அதிலுள்ள யூஜெனால் கலந்த மருந்தைத்தான் டிரை சாக்கெட் குழியில் பல் டாக்டர்கள் வைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் இல்லாத வியாதிக்கு இடித்த கிராம்பைப் புதுத் தையலில் அமுக்க வந்தால் என்ன செய்வது? தம்பி எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

கதவுக்கு வெளியே நின்றும் பேச்சு நிற்கவில்லை. “பல்லு எடுத்தா கண்ணு போயிரும்பாங்க. பாத்து இருந்துக்க.” பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அதை உள்ளேயிருந்து அவன் சொல்லத்தான் பார்த்தான். வெளியே கேட்டது “ஹா ஹூ ஹா”.

மரப்பு ஊசியின் வேகம் இன்னும் இறங்கவில்லை. அவன் வெளியே வந்தபோது கீழுதடு ஒரு பக்கமாகத் தொங்கி, எச்சில் லேசான ரத்த நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும் சமாசாரம். சித்தப்பா ஒரு கணம் அவனையே உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. ஒன்றும் பேசாமல் பால்கனிக்குப் போய் போனை எடுத்தார். தணிந்த குரல் என்று அவர் நினைத்துக்கொள்வது தெருமுனை வரை கேட்கும்.

“அக்கா, பயப்படாத. வாய் ஒரு பக்கமாக் கோணிட்டு. பேச்சு வரல. பக்கவாதம் மாதிரித்தான் இருக்கு.”

தூத்துக்குடி அத்தை அன்றிரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். விடிந்ததும் அழுத கண்ணோடு எழும்பூரில் இறங்கினார், கையில் ஒரு கிலோ மக்ரூனோடு. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த அது, பல்லை எதிர்பார்க்காமல் நாக்கிலேயே கரைந்துபோகும். தம்பி இரண்டு நாளில் வாயில் வைக்கக்கூடிய ஒரே பலகாரம்.

எட்டு மணிக்கெல்லாம் சித்தப்பா வந்துவிட்டார்.