திருப்பித் தராதவன்

2021 மே மாதம் எதிர்வீட்டு அக்காவிடம் ஆக்சிமீட்டர் இரவல் வாங்கினேன். "ரெண்டே நாள்க்கா" என்றேன். அது வெகுநாள் எங்கள் வல்லூர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது.

முதல்முறை விரலை நுழைத்ததும் 84 காட்டியது. கடைசி ஆசைகளைச் சொல்லவே ஆரம்பித்துவிட்டேன். "ஃப்ரீசர்ல ஐஸ் சுரண்டின கைதானே அது?" என்றாள் மனைவி. விரல் ஜில்லிட்டால் ரத்த ஓட்டம் குறையும். ஒளியை வைத்து ரத்தத்தின் நிறம் பார்க்கும் கருவி தடுமாறும். தேய்த்துச் சூடாக்கினேன், 98. ஆசைகளை வாபஸ் வாங்கினேன்.

பிறகு பதினோராம் வகுப்பு மகளுக்குப் பாடம் நடத்தக் கிளம்பினேன். "நம்மூர் அனல்மின் நிலையத்துக்குக் காமராஜர் துறைமுகத்துலேர்ந்து கன்வேயர்ல நிலக்கரி வருதில்ல? அது மாதிரி ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கொண்டுபோய் இறக்கும். திரும்பும்போது கார்பன் டை ஆக்சைடு மொத்தத்தையும் அதுவே ஏத்திக்கும்."

"மொத்தமும் இல்லப்பா. அது ஏத்தறது நூத்துக்கு இருபது, இருபத்தஞ்சுதான். எழுபது பங்கு பைகார்பனேட்டா மாறி வருது. ஆப்பசோடாவுல இருக்கே, அதேதான்."

மானத்தை மீட்க, இரண்டு நிமிடம் மூச்சடக்குவதாகப் பந்தயம் கட்டினேன். 34-வது விநாடியில் வாயைப் பிளந்தேன். விரலில் அப்போதும் 98. மூச்சுக்குத் தவிக்க வைப்பது ஆக்சிஜன் பற்றாக்குறை அல்ல, சேர்ந்துபோன கார்பன் டை ஆக்சைடுதானாம். பழிபோட ஆக்சிஜன்கூடக் கிடைக்கவில்லை.

1904-இல் கிறிஸ்டியன் போர் குழுவினர் கண்டது அடுத்த பாடம். கார்பன் டை ஆக்சைடு கூடும் இடத்தில், அதாவது உழைக்கும் தசையில், ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடோ ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். உட்கார்ந்த இடத்தைவிட்டு லேசில் எழுந்திருக்காது. சாதாரண ஆக்சிமீட்டர் அதையும் ஆக்சிஜன் என்றே நம்பி நல்ல எண்ணைக் காட்டும்.

மகள் அலமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீ கார்பன் மோனாக்சைடுப்பா."

அன்று மாலையே கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். வாங்கிப் பார்த்த அக்கா ஒரு கணம் முழித்தார். உள்ளே போனவர் எங்கள் இட்லிக் குண்டானோடு வந்தார்.

"நானே குடுக்கணும்னு இருந்தேன் தம்பி. ரெண்டு நாள்னு வாங்கினது."


வாசலிலேயே மாற்றிக்கொண்டோம்.